நெசவாளரும் பிரபுக்களின் மக்களும்: 1883-ஆம் ஆண்டுக் கால்பந்துக் கோப்பை இறுதியாட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலத் திருச்சபை வரலாற்றைக் கற்பிக்கையில் நாம் ஆக்ஸ்ஃபோர்டு இயக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம்; மூடி, சாங்கி ஆகியோரின் எழுப்புதல் கூட்டங்களைப் பற்றிப் பேசுகிறோம்; மிஷனெரிச் சங்கங்களின் பெருக்கத்தைப் பற்றி விரிவாகவே பேசுகிறோம். அந்நாட்டுத் தொழிலாளி சனிக்கிழமை பிற்பகலை எங்ஙனம் கழித்தான் என்னும் கேள்வி நம் பாடத்திட்டத்துள் புகுவதில்லை. ஞாயிறு காலையில் ஆலயத்துக்கு வந்தவர் யார், வராதவர் யார் என்பதை அறிய விரும்புவோர் சனிக்கிழமையையும் சிறிது நோக்குதல் வேண்டும் என்பது நம் கருத்து. அதற்கு வாய்ப்பான ஒரு சனிக்கிழமை 1883 மார்ச் 31. அவ்வாண்டு உயிர்த்தெழுந்த திருநாள் மார்ச் 25-இல் வந்தது. எனவே அது திருநாள் கழிந்து வந்த முதற் சனிக்கிழமை. அன்று லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில், ஏறக்குறைய 8,000 பேர் முன்னிலையில், ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்களும் பிளாக்பர்ன் நகரத்து ஆலைத் தொழிலாளர்களும் ஒரு வெள்ளிக் கோப்பைக்காகப் பந்தாடினர்.

கோப்பையின் பிறப்பை முதலில் சுருக்கமாகக் காண்போம். ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் 1863-இல் தோன்றியது. அதன் செயலாளராயிருந்த ஆல்காக் என்பவர் 1871 ஜூலை மாதத்தில் முன்மொழிந்த தீர்மானத்தின்படி, தோற்றவர் விலக, வென்றவர் தொடரும் முறையில் ஒரு போட்டி ஏற்பட்டது. முதல் இறுதியாட்டம் 1872 மார்ச் 16-இல் இதே ஓவல் மைதானத்தில் நடைபெற்றது. வாண்டரர்ஸ் என்னும் கழகம் அரச பொறியாளர் படையணியை ஒரு கோல் கணக்கில் வென்றது. அன்றுமுதல் 1882 வரை கோப்பையைப் பெற்றவர்களைப் பாருங்கள்: வாண்டரர்ஸ், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம், அரச பொறியாளர், ஓல்டு ஈட்டோனியன்ஸ் எனப்பட்ட ஈட்டன் பழைய மாணவர், கிளாப்பம் ரோவர்ஸ், சார்ட்டர்ஹவுஸ் பழைய மாணவர். எல்லாரும் தென் இங்கிலாந்தினர். பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். பிழைப்புக்காக உழைக்கவேண்டிய தேவை அவர்களுள் பலருக்கு இல்லை.

இவ்வாட்டத்துக்குப் பின்னால் ஓர் இறையியல் இருந்தது என்றால் வாசகர் வியப்படையலாம். 'தசைவலிக் கிறிஸ்தவம்' என்று 1857-ஆம் ஆண்டளவில் பத்திரிகைகள் ஓரளவு கேலியாகவே பெயரிட்ட கொள்கை அது. சார்லஸ் கிங்ஸ்லி என்னும் குருவானவரும், ரக்பி பள்ளி வாழ்க்கையைக் கதையாக எழுதிய தாமஸ் ஹியூசும் அதன் முதன்மையான குரல்கள். உடலைப் பகையாகக் கருதி ஒடுக்குவதைவிட அதனைப் பயிற்றி, எளியவரைக் காக்கவும் கடமையைச் செய்யவும் பயன்படுத்துவதே கிறிஸ்தவனுக்கு அழகு என்றனர் இவர்கள். பவுல் அடிகளார் கொரிந்தியருக்கு எழுதுகையில் பந்தயச் சாலையையும் மல்யுத்தத்தையும் உவமையாகக் கொண்டார் என்பது இவர்களுக்கு நல்ல ஆதாரமாயிற்று. அதே அடிகளார் 1 தீமோத்தேயு 4:8-இல் சரீர முயற்சியின் பயனைத் தேவபக்தியின் பயனோடு ஒப்பிட்டு எடைபோட்டிருப்பதை இவர்கள் அத்துணை ஆர்வத்தோடு எடுத்துக்காட்டவில்லை. எல்லாக் காலத்துப் பிரசங்கிமாரும் தமக்கு வேண்டிய வசனத்தை முதலில் காண்பவர்களே.

இக்கொள்கை எல்லாருக்கும் வெறும் பேச்சாக இருந்துவிடவில்லை. ஈட்டன் அணியின் தலைவர் ஆர்தர் கின்னேர்டு அதற்குச் சான்று. 1847-இல் பிறந்த இவர் ஸ்காட்லாந்துப் பிரபு குடும்பத்தினர். வங்கித் தொழில் புரிந்தவர். 1887-இல் தந்தைக்குப்பின் பதினோராம் கின்னேர்டு பிரபுவானார். ஒன்பது கோப்பை இறுதியாட்டங்களில் ஆடி, ஐந்தில் வென்ற சிறப்பு இவருடையது. செந்தாடியும், நீண்ட வெண்காற்சட்டையும், நீலமும் வெண்மையும் கலந்த குல்லாவுமாக இவர் களத்தில் இறங்கினால் எதிரணியினர் தம் முழங்கால்களை நினைத்துக் கவலையுறுவராம். என்றேனும் ஒருநாள் இவர் கால் முறிந்து வீடு திரும்புவார் என்று குடும்பத்தார் அஞ்சியபோது, முறிந்த கால் ஒன்று வருமானால் அது இவருடையதாக இராது என்று நண்பர் ஒருவர் ஆறுதல் கூறினார் என்பது பலரும் சொல்லும் கதை. 1882-இல் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்தை ஒரு கோல் கணக்கில் வென்று கோப்பை பெற்றபோது, பார்வையாளர் கூடத்தின் முன் தலைகீழாக நின்று மகிழ்ந்தவரும் இவரே.

இந்த மனிதரே, இளைஞராயிருந்த காலத்தில், குயின்டின் ஹாக் என்னும் நண்பரோடு சேர்ந்து லண்டன் தெருக்களில் திரிந்த ஏழைச் சிறுவர்களுக்கு எழுத்தும் வேதமும் கற்பித்தவர். பின்னர் இங்கிலாந்தின் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்துக்குத் தலைவராயிருந்தார். 1907 முதல் 1909 வரை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுச்சபையில் அரசரின் பிரதிநிதியாக வீற்றிருந்தார். இவருடைய தாயார் மேரி ஜேன் கின்னேர்டு அம்மையாரை நம் நாட்டவர் நன்றியோடு நினைக்கவேண்டும். இளம்பெண்கள் கிறிஸ்தவ சங்கத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவர் அவர். இந்தியப் பெண்களின் கல்விக்காக 1852-இல் உருவான சங்கத்தின் தூணாகவும் விளங்கினார். லாகூரில் உள்ள கின்னேர்டு கல்லூரி அவர் பெயர் தாங்கியது. அச்சங்கம் 1880-இல் இரண்டாகப் பிரிந்தது. ஆங்கிலத் திருச்சபையினர் தனியே அமைத்துக்கொண்ட செனானா மிஷன் 1895-இல் இந்தியாவுக்கு அனுப்பிய பெண்மணிதான் டோனாவூரில் வாழ்ந்து மறைந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார். இவ்வாறு, ஓவல் மைதானத்திலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு ஒரு மெல்லிய இழை ஓடுகிறது. இன்னொன்றும் உண்டு. 1882 ஆகஸ்டில் இதே மைதானத்தில் ஆஸ்திரேலியரிடம் இங்கிலாந்து தோற்ற புகழ்பெற்ற கிரிக்கெட் ஆட்டத்தில் ஆடிய சி. டி. ஸ்டட், ஈட்டனில் பயின்றவர். 1885-இல் சீனத்துக்கு மிஷனெரியாகச் சென்ற அவர், பின்னர் 1900 முதல் 1906 வரை உதகமண்டலத்தின் யூனியன் சபையில் போதகராக ஊழியம் செய்தார்.

இனி வடக்கே செல்வோம். லங்காஷயர் மாகாணத்துப் பிளாக்பர்ன் நெசவு நகரம். அதன் விசைத்தறிகள் நெய்ததில் பெரும்பங்கு வேட்டித்துணி. அது விற்பனையானது நம் நாட்டில். 1882-இல் இந்திய அரசு இறக்குமதித் துணிமீது எஞ்சியிருந்த தீர்வையையும் நீக்கியது லங்காஷயர் ஆலைமுதலாளிகளின் நெடுநாள் வற்புறுத்தலுக்கு இசைவாகவே. ஓவல் மைதானத்தில் பந்தாடிய நெசவாளர்கள் நெய்த துணி நம் ஊர்க் கைத்தறியாளரின் தறியை நிறுத்தியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அத்துணியால் அந்த நெசவாளரும் செல்வராகிவிடவில்லை. 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது பஞ்சு வரத்து நின்று லங்காஷயர் முழுவதும் பட்டினி கிடந்தது. இந்தியாவிலிருந்து வந்த குட்டை இழைப் பஞ்சு தறியில் அறுந்து அறுந்து வேலையைக் கெடுத்தது. பஞ்சு வேண்டி ஜெபித்த ஒருவர், அது சூரத்துப் பஞ்சாக இராதபடிக்கு என்று ஆண்டவரிடம் நிபந்தனையும் சேர்த்துக்கொண்டாராம். அக்கதையைச் சொல்லி அவர்கள் தம் வறுமையினூடே சிரித்தார்கள்.

1878-ஆம் ஆண்டு நம் பொருளுக்கு மிக முக்கியமானது. அவ்வாண்டின் இளவேனிலில் ஆலைமுதலாளிகள் கூலியில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தனர். நெசவாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பல வாரங்கள் நீடித்தது. மே மாதத்தில் பிளாக்பர்னில் கலகம் மூண்டு, முதலாளிகள் சங்கத் தலைவராயிருந்த கர்னல் ஜாக்சனின் மாளிகை தீக்கிரையாயிற்று. படை வரவழைக்கப்பட்டது. முடிவில் தொழிலாளர் குறைந்த கூலிக்கே திரும்பினர். பிளாக்பர்ன் ஒலிம்பிக் கால்பந்துக் கழகம், நகரத்தின் இரு சிறு கழகங்கள் இணைந்ததால், அதே 1878-இல் தோன்றியது. கலகத்துக்கும் கழகத்துக்கும் நேரான தொடர்பு இருந்ததென்று நாம் கூறவில்லை. கூலிக்காகப் போராடித் தோற்ற ஓர் ஊரில், அதே இளைஞர்கள் தமக்கென்று கட்டிக்கொண்ட ஒன்று இது என்பதை மட்டும் மனத்திற்கொள்வோம்.

அவர்களுக்கு ஆட நேரம் எங்கிருந்து வந்தது? 1850-ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குமேல் நெசவாலைகளில் வேலைசெய்யலாகாது என்று விதித்தது. அவர்கள் போய்விட்டால் ஆலை ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் அந்த அரைநாள் கிடைத்தது. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு போன்ற சுவிசேஷப் பற்றாளர் பாராளுமன்றத்தில் ஆண்டாண்டாய் வாதாடிப் பெற்ற சட்டங்களின் வரிசையில் வந்தது இது. ஓய்வுநாள் ஆசரிப்பில் உறுதியாயிருந்த நாட்டில், விளையாட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் நுழையாமலிருக்கச் சனிக்கிழமை வழிவிட்டது. ஆங்கிலக் கால்பந்தின் நாள்காட்டியைச் சட்டமும் பிரசங்க பீடமும் சேர்ந்தே எழுதின எனலாம்.

ஆனால் அரைநாள் போதாது என்பதைப் பிளாக்பர்னுக்கு அண்மையிலுள்ள டார்வென் ஊரார் 1879-இல் கண்டுகொண்டனர். அவ்வாண்டு கோப்பைப் போட்டியில் டார்வென் அணி ஈட்டன் அணியை எதிர்கொண்டது. ஆட்டம் ஓவலில். ஒரு கட்டத்தில் ஐந்துக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்த ஆலைத் தொழிலாளர்கள், இறுதி நேரத்தில் நான்கு கோல் அடித்து ஐந்துக்கு ஐந்து என்று சமன் செய்தனர். மேலும் அரைமணி நேரம் ஆடி முடிவு காணலாம் என்று அவர்கள் கேட்டபோது ஈட்டன் அணியினர் இணங்கவில்லை. விளைவு, டார்வென்னார் மறுபடியும் லண்டன் செல்லவேண்டியதாயிற்று. ஊரார் சந்தா திரட்டி அனுப்பினர். அந்த ஆட்டமும் இரண்டுக்கு இரண்டு என்று சமன். மூன்றாம் முறையும் பயணம்; களைத்துப்போன அணி ஆறுக்கு இரண்டு என்று தோற்றது. ஈட்டன் அணியினர் அவ்வாண்டு கோப்பையையும் பெற்றனர். விதியில் குற்றமில்லை, ஆடுகளத்தில் முறைகேடும் இல்லை. எனினும் ஒரு சாராருக்கு அருகிலிருந்த மைதானம், மறுசாராருக்கு மும்முறை கூலி இழப்பும் மும்முறை ரயில் கட்டணமும் ஆயிற்று. விதி எல்லாருக்கும் ஒன்றாயிருந்தும் நியாயம் ஒன்றாயிராத நிலைமைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நமக்குத் தென்படவில்லை. கிராமச் சேகரங்களில் கோவில் வரி விதிக்கும் குழுவினர் இதனைக் கவனிக்கலாம்.

பிளாக்பர்ன் ஒலிம்பிக் இப்பாடத்தைக் கற்றுக்கொண்டது. இரும்பு வார்ப்பாலை உரிமையாளரான சிட்னி யேட்ஸ் என்பவர் கழகத்துக்குப் பணம் தந்தார். ஷெஃபீல்டிலிருந்து ஜாக் ஹன்டர் வந்து சேர்ந்தார். இங்கிலாந்து அணிக்காக ஆடிய அனுபவசாலி. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் அவரே விளங்கினார். அரையிறுதிக்கும் இறுதிக்கும் முன்பாக அவர் அணியினரைப் பிளாக்பூல் கடற்கரைக்கு அழைத்துச் சென்று தங்கவைத்துப் பயிற்சியளித்தார். அக்காலத்தில் எவரும் கேள்விப்படாத ஏற்பாடு அது. அங்கே அவர்கள் உண்டதையும் ஊரெல்லாம் பேசிற்று: அதிகாலை ஆறு மணிக்கு ஒரு குவளை போர்ட் திராட்சரசமும் இரண்டு பச்சை முட்டையும், பின் கடற்கரை மணலில் நடை, காலையில் கஞ்சியும் மீனும், நண்பகலில் ஆட்டுத்தொடைக் கறி, மாலையில் மீண்டும் கஞ்சியும் பாலும், இரவில் ஆளுக்கு அரை டஜன் சிப்பி. மதுவிலக்குச் சங்கத்தார் முதல் உணவை விரும்பியிருக்கமாட்டார்கள். எஞ்சியவற்றைப் பற்றி, ஆலையில் ரொட்டியும் தேநீருமாக நாளைக் கழித்த ஒரு நெசவாளன் என்ன நினைத்திருப்பான் என்பதை நாம் எண்ணிப்பார்க்கலாம். அரையிறுதியில் சார்ட்டர்ஹவுஸ் பழைய மாணவரை நான்கு கோல் கணக்கில் அவர்கள் வென்றனர்.

இறுதியாட்டத்தில் ஒலிம்பிக் அணியில் நின்ற பதினொருவருள் ஆஸ்ட்லி, டியூஹர்ஸ்ட், யேட்ஸ் ஆகிய மூவர் நெசவாளர். இந்த யேட்ஸ், ஆலை உரிமையாளர் அல்லர். காஸ்ட்லி நூற்பாலைத் தொழிலாளி. வார்டு பஞ்சாலை இயந்திரத்தில் வேலை பார்த்தவர். கிப்சன் இரும்பு வார்ப்பாலையில். அணித்தலைவர் வார்பர்ட்டன் குழாய் வேலைக்காரர். மற்றவருள் ஒருவர் படச்சட்டம் செய்பவர், ஒருவர் குமாஸ்தா, ஒருவர் பல் வைத்தியரின் உதவியாளர். ஹன்டரோ சாராயவிடுதி நடத்தியவர். எதிர்ப்பக்கத்தில் கின்னேர்டோடு நின்றவர்களில் கோல்காப்பாளர் ராலின்சன் பின்னாளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பாராளுமன்ற உறுப்பினரானார். குட்ஹார்ட் எடின்பரோவில் லத்தீன் பேராசிரியரானார். ஆர்தர் டன் 1892-இல் லட்குரோவ் என்னும் பள்ளியை நிறுவினார். ஒரு நாட்டின் இரு தேசங்கள் ஒரே புல்வெளியில் எதிரெதிரே நின்றன.

ஆட்ட முறையும் இரண்டு. ஈட்டன் அணியினர் தம் பள்ளியில் பழகியபடி, ஒருவர் பந்தைக் காலோடு கொண்டுசெல்ல மற்றவர் பின்தொடரும் முறையில் ஆடினர். தனியொருவனின் துணிவும் தோள்வலியும் அதில் வெளிப்படும். ஒலிம்பிக் அணியோ ஸ்காட்லாந்தியரிடமிருந்து வடநாடு கற்றுக்கொண்ட, பந்தை ஒருவருக்கொருவர் வழங்கி ஆடும் முறையைக் கைக்கொண்டு, அதோடு மைதானத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நீளமாக உதைத்து எதிரணியை அலையவிடும் உத்தியையும் சேர்த்திருந்தது. முதற்பாதியில் குட்ஹார்ட் ஈட்டனுக்காகக் கோல் அடித்தார். இடைவேளையில் ஈட்டன் முன்னணியில் இருந்தது. இரண்டாம் பாதியில் மாத்தியூஸ் சமன் செய்தார். அப்பாதியிலேயே டன் காயமுற்றுக் களத்தைவிட்டு வெளியேறினார். மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. ஈட்டன் அணி பத்துப்பேரோடு தொடர்ந்தது. தொண்ணூறு நிமிடம் முடிந்தபோது ஒன்றுக்கு ஒன்று.

மேலும் அரைமணி நேரம் ஆடி முடிவு காண்பதென்று தீர்மானிக்கப்பட்டது. 1879-இல் டார்வென்னார் வேண்டியும் கிடையாத அதே அரைமணி. கடற்கரையில் நடந்து தேறிய கால்களுக்கும், பத்துப்பேராய்க் களைத்திருந்த கால்களுக்கும் இடையிலான வேறுபாடு அப்போது தெரிந்தது. யேட்ஸ் மறுபுறத்திலிருந்து அனுப்பிய பந்தைக் காஸ்ட்லி ராலின்சனைக் கடந்து உள்ளே செலுத்தினார். இரண்டுக்கு ஒன்று. நூற்பாலைத் தொழிலாளி ஒருவனுடைய காலால் கோப்பை முதன்முறையாக வடக்கே சென்றது.

பிளாக்பர்னில் மேளதாளத்தோடு வரவேற்பு நிகழ்ந்தது. கோப்பையைப் பார்த்த ஒருவர் இது தேநீர்க் கெண்டிபோல் இருக்கிறதே என்றாராம்; வார்பர்ட்டனோ, கெண்டியாயினும் லங்காஷயரில் அதற்கு நல்ல வீடு உண்டு, இனி லண்டனுக்குத் திரும்பாது என்று விடையளித்தாராம். அவர் சொன்னது பதினெட்டு ஆண்டுகள் பலித்தது. 1901-இல் டாட்டன்ஹாம் வென்றபோதுதான் கோப்பை லண்டன் கழகமொன்றை மறுபடி அடைந்தது. அடுத்த மூன்றாண்டுகளும், அதாவது 1884, 1885, 1886-இல், பிளாக்பர்ன் ரோவர்ஸ் வென்றது. ஊதியம் பெறாத ஆட்டக்காரரின் அணி எதுவும் 1883-க்குப்பின் அக்கோப்பையைப் பெறவேயில்லை.

தெற்கே முகம் சுளித்தனர். ஈட்டன் பள்ளியின் இதழ், வென்றவர்கள் பல வாரம் கடும்பயிற்சி செய்தது தென்னாட்டில் பெரும் வெறுப்பை விளைத்ததாக எழுதியது. ஆலையில் வேலைசெய்பவர்கள் இத்தனை நாள் விடுப்பு எடுத்ததெப்படி, அக்கூலியை ஈடுசெய்தவர் யார் என்ற கேள்வியும் எழுந்தது. மறு ஆண்டு ரோவர்ஸ் கழகத்தோடு லண்டன் வந்த வடநாட்டுக் கூட்டத்தை ஒரு லண்டன் பத்திரிகை சூடான் நாட்டு அராபியரோடு ஒப்பிட்டு இகழ்ந்தது. தன் நாட்டுத் தொழிலாளியை இழிவுபடுத்த வேற்று நாட்டு மக்கள் கூட்டமொன்றைத் துணைக்கழைக்கும் அந்த எழுத்துமுறை நம் கவனத்துக்குரியது. இரு இகழ்ச்சியும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை.

இங்கே அறவியல் கேள்வி ஒன்று நம்முன் நிற்கிறது. விளையாட்டை விளையாட்டுக்காகவே ஆடவேண்டும், அதில் பணம் கலந்தால் மாசு என்று மேன்மக்கள் கூறியது வெறும் பாசாங்கு அன்று. கின்னேர்டு போன்றோர் அதை மனமார நம்பினர். பந்தயச் சூதாட்டம் பிற விளையாட்டுகளைக் கெடுத்ததை அவர்கள் கண்டிருந்தனர். ஆனால் மாசற்ற அந்நிலை யாருக்கு எளிது? வங்கியிலிருந்து வருமானம் வருபவருக்கு எளிது. ஒருநாள் தறியைவிட்டு அகன்றால் ஒருநாள் கூலியை இழப்பவனுக்கு அது தண்டனை. வேலையாளின் கூலியைப் பற்றி நம் ஆண்டவர் எழுபது பேரை அனுப்புகையில் சொன்னதை (லூக்கா 10:7) நாம் போதகருக்கே உரியதாக்கி, காணிக்கைக் கூட்டங்களில் பயன்படுத்தி வருகிறோம். அச்சொல்லில் உள்ள உவமானமே சாதாரணக் கூலியாள்தான். கோப்பையைப் பற்றிய சர்ச்சையில் ஆலைத் தொழிலாளியின் பக்கமே வேதத்தின் நேரான பொருள் சாய்கிறது என்பது நம் துணிபு.

சங்கம் தயங்கித் தயங்கி அம்முடிவுக்கே வந்தது. இழந்த கூலியை மட்டும் ஈடுசெய்யலாம் என்று முன்பே அனுமதித்திருந்தது. 1884 ஜனவரியில் பிரஸ்டன் கழகத்தின்மீது லண்டன் அணியொன்று புகார் கொடுத்தபோது, அதன் நிர்வாகி சடெல் ஆட்டக்காரர்களைப் பணம் தந்து வைத்திருப்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். பிரஸ்டன் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. வடநாட்டுக் கழகங்கள் தனிச்சங்கம் அமைக்கப்போவதாக எச்சரித்தன. 1885 ஜூலை 20-இல் ஊதிய ஆட்டம் சட்டபூர்வமாயிற்று. அதன்பின் வந்ததையும் சொல்லத்தான் வேண்டும். 1901 முதல் ஆட்டக்காரனின் வாரக்கூலிக்கு நான்கு பவுன் என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது; 1961 வரை ஏதோ ஒரு வடிவில் அவ்வரம்பு நீடித்தது. கழகம் விடுவித்தாலன்றி அவன் வேறிடம் போகவும் முடியாது. பிரபுக்களின் வெறுப்பிலிருந்து விடுபட்டவன் முதலாளிகளின் ஏட்டில் சொத்தாகப் பதிவானான். சிட்னி யேட்சின் பணத்தில் தொடங்கிய வரலாறு அத்திசையில் சென்றதில் வியப்பில்லை.

திருச்சபை இக்காலத்தில் வாளா இருக்கவில்லை. பர்மிங்ஹாமின் ஆஸ்டன் வில்லா 1874-இல் வெஸ்லியன் ஆலயமொன்றின் வேத வகுப்பிலிருந்து பிறந்தது. லிவர்பூலின் எவர்ட்டன் 1878-இல் செயின்ட் டோமிங்கோ மெதடிஸ்டு ஆலயத்திலிருந்து. மான்செஸ்டர் சிட்டியின் மூலமும் வெஸ்ட் கோர்ட்டன் பகுதியின் ஆங்கிலத் திருச்சபை ஆலயமே. பிளாக்பர்னுக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள போல்ட்டனின் வரலாறு நமக்குச் சிறப்பாகப் பயன்படும். அங்கே கிறைஸ்ட் சர்ச் ஞாயிறு பள்ளி வாலிபர்கள் 1874-இல் ஒரு கழகம் தொடங்கினர். சேகரத்துக் குருவானவர் தலைவராயிருந்தார். அவருடைய அனுமதியின்றிப் பள்ளி மண்டபத்தில் கூடலாகாது, கூட்டம் யாவும் அவர் முன்னிலையிலேயே நடைபெறவேண்டும் என்று கட்டுப்பாடு இறுகிற்று. 1877-இல் வாலிபர்கள் வெளியேறி, கூடுவதற்கு நிலையான இடமின்றி அலைந்து, தம் கழகத்துக்கு 'அலைவோர்' என்று பொருள்படும் வாண்டரர்ஸ் என்னும் பெயரைச் சூட்டிக்கொண்டனர். போல்ட்டன் வாண்டரர்ஸ் இன்றும் உள்ளது. குருவானவர் மண்டபத்தைக் காத்துக்கொண்டார். வாலிபர் ஐக்கியத்தின் திறவுகோலைத் தம் சட்டைப்பையிலேயே வைத்திருக்கும் ஆயர்கள் நம்மிடையேயும் உண்டு. நாம் பெயர் சொல்லப்போவதில்லை.

ஓவலில் வென்ற கழகம் நெடுநாள் வாழவில்லை. 1888-இல் பன்னிரண்டு கழகங்கள் கூடிக் கால்பந்து லீக் அமைத்தபோது பிளாக்பர்னிலிருந்து ரோவர்ஸ் மட்டுமே சேர்க்கப்பட்டது. ஊதியம் தர வழியின்றிக் கடனில் மூழ்கிய ஒலிம்பிக், ஊதியமில்லா ஆட்டத்துக்கே திரும்ப முயன்று, 1889-இல் கலைந்துபோயிற்று. ஊதிய ஆட்டத்துக்கு வழிதிறந்த அணி அவ்வழியிலேயே மடிந்தது.

அன்று தோற்ற தலைவரோ 1890-இல் கால்பந்துச் சங்கத்தின் தலைவரானார். தாம் விரும்பாத ஊதிய ஆட்டம் தம் கண்முன் பெருகிய முப்பத்துமூன்று ஆண்டுகளும் அப்பதவியில் இருந்து, ஆலை நகரத்துக் கழகங்களுக்குக் கோப்பை சென்றதைப் பகையின்றி ஏற்றுக்கொண்டார். 1883-இல் அவர் இழந்த அந்த முதற் கோப்பை, 1895-இல் ஆஸ்டன் வில்லா கழகத்தார் பர்மிங்ஹாம் கடையொன்றின் சாளரத்தில் காட்சிக்கு வைத்திருந்தபோது திருடுபோய், திரும்பக் கிடைக்கவேயில்லை. அதன் அச்சாகச் செய்யப்பட்ட இரண்டாம் கோப்பையை 1911-இல் சங்கம் கின்னேர்டுக்கே அன்பளிப்பாக வழங்கிவிட்டு, போட்டிக்குப் புதிய கோப்பையொன்றைச் செய்துகொண்டது. வெம்பிளி மைதானத்தில் முதல் இறுதியாட்டம் நடைபெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1923 ஜனவரி 30-இல் அவர் காலமானார்.